முள் மழித்த தூண்டில்

தண்ணீருக்குப் போக ஆறு வாரம் ஆகும் என்றேன்.
"பல் பிடுங்கக் கற்க எனக்கு ஐந்து வருஷம்" என்றார்
டாக்டர் ரேணுகாதேவி,
எண்ணூறு வெள்ளியை முன்கூட்டியே எண்ணிவைத்து.
எதற்கு இது என்று கேட்டேன்.
செந்தூலில் கிளினிக். நாள் முழுக்கக் கை
ஓர் அங்குல இடத்தில் வேலை செய்கிறதாம்.
ஞாயிற்றுக்கிழமையாவது அதற்கு
அறுபது அடி வேண்டுமாம்.

காலை ஏழு மணி.
தித்திவங்சா ஏரிக்கு முதுகைக் காட்டிப்
புல்லில் நிற்கிறோம்.
கயிற்றின் நுனியில் தூண்டில் இல்லை,
சிவப்புக் கம்பளி நூலில் ஒரு துணுக்கு.
பாதுகாவலர் சைக்கிளை நிறுத்தி
"ஈக்கான் மானா?" என்கிறார்.
மீன் எங்கே.
புல்லைக் காட்டுகிறேன்.
தலையை ஆட்டிக்கொண்டே போகிறார்,
அடுத்த வாரமும் அதையே கேட்க.

கல்லெறிவதுபோல் எறியாதீர்கள், டாக்டர்.
இதில் ஈயம் இல்லை, எடை இல்லை.
ஈ என்பது இரண்டு இறகும் கொஞ்சம் மான்மயிரும்.
போவது கயிறுதான்;
ஈ கூடப் போகிறது,
கல்யாண வீட்டுக்கு
அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போவதுபோல.
முன்னால் பத்து மணியில் நிறுத்துங்கள்.
பின்னால் இரண்டில்.
நடுவில் காத்திருங்கள்,
கயிறு முதுகுக்குப் பின்னால் முழுக்க நீளும்வரை.

அவருக்குக் காத்திருக்க வராது.
மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு
ஐந்து நிமிஷம் சும்மா இருப்பீர்களே, என்றேன்.
"அப்போது அடுத்த அறையில்
இன்னொரு வாய் திறந்திருக்கும்."
மணிக்கட்டு இரண்டைத் தாண்டி
மூன்றுக்கு, நாலுக்குச் சரியும்.

நான்காம் வாரம் ஒருமுறை,
ஒரே ஒருமுறை,
கயிறு கொண்டையூசிபோல் குறுகி வளைந்து
விரிந்து
சத்தமில்லாமல் புல்லில் படுத்தது.
இருவரும் பேசவில்லை.
ஓட்டப்பயிற்சிக்காரர் ஒருவர் அதைத் தாண்டிக் குதித்து ஓடினார்.

ஏழாம் வாரம் ஜின்ஜாங் பக்கம் ஒரு லம்பம்.
ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குழி.
இந்தக் கரையில் லாலாங் புல்,
அந்தக் கரையில் நாற்பது மாடி, காயும் துணிகள்.
படகின் முன்முனையில் அவர், பின்முனையில் நான்.
முதல் வீச்சு அழகு.
இரண்டாவதற்குக் கையைத் தூக்கும்போது
சாய்ந்த மரத்தடியில் நீர் கொதித்தது.
பார்த்துவிட்டார்.
பார்த்ததில் மறந்துவிட்டார்.

என் இடது காது.

எட்டு வருஷம், எத்தனையோ வாய்கள்.
எல்லாவற்றையும் திரும்ப நீரில் விட்டிருக்கிறேன்,
அதற்கு வலிக்காது என்று
வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி.
வலிக்கிறது.
கயிறு அவர் கையில், மறுமுனை என்னில்.
நல்லவேளை, இழுக்கவில்லை.

கோலைக் கீழே வைத்தார்.
குடிதண்ணீரில் கை கழுவினார்.
"அசையாதீர்கள், ஜீவரத்தினம்."
ஆறு வாரத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.
முந்திய இரவு மேசைவிளக்கின் கீழ்
இடுக்கியால் நானே நசுக்கி மழித்த முள்.
போன வழியே வந்தது.
ஒரு சொட்டு ரத்தம், அதுவும் யோசித்து யோசித்து.
"கொப்பளியுங்கள்" என்றார்,
பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு ஒரு பீகாக் பாஸ்.
முன்னங்கை நீளம், வாலடியில் மயிற்கண்.
கீழுதட்டைப் பெருவிரலால் பிடித்து
உள்ளே எட்டிப் பார்த்தார்,
விளக்கைத் தேடுகிறவர்போல.
"நீரில் வையுங்கள்" என்றேன். "மூச்சு."
"இது பல் இல்லை, அரம்."
தோலுரிந்த விரலைக் காட்டினார், பெருமையாக.

ஈயைக் கழற்றியாயிற்று.
வாலைப் பிடித்த கையை எடுக்கவில்லை.
செவுள் திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது.
படகு அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது.
நான் காதைத் தொட்டபடி
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
அது எப்போது போனதென்று
அவர் கைக்குத்தான் தெரியும்.

"அடுத்த ஞாயிறு?" என்றேன்.
"புல்" என்றார்.